பழைய இசைத்தட்டுகள், தெரியாத பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரெனே லைபோவிட்ஸ் நடத்திய பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியைத் தற்செயலாகக் கேட்டேன். 1961 பதிவு. அந்த வேகமும் தெளிவும் என்னைத் தூக்கிவாரிப் போட்டன. அதிலிருந்து, அதிகம் அறியப்படாத நடத்துநர்களின் பழைய ஆர்கெஸ்ட்ரா பதிவுகளாகவே தேடிக் கேட்கிறேன். நண்பர் ஒருவர், “நல்லதாக இருந்திருந்தால் நின்றிருக்கும். நீ கேட்பது இசையை அல்ல, அபூர்வத்தை” என்கிறார். அவர் சொல்வது சரியா? நிமிடத்துக்கு 78 முறை சுழலும், இரைச்சல் மிகுந்த அந்தப் பழைய 78 தட்டுகளுக்குள் எப்படி நுழைவது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. மறக்கப்பட்ட நடத்துநர்களில் பலர் சுமாரானவர்கள்தான். “தொலைந்த பொக்கிஷம்” என்று விற்கப்படும் பதிவுகளில் கணிசமானவை ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் நல்லது தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஒரு பெயர் நிற்பதற்கும் போவதற்கும் இசைக்கு வெளியே எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கின்றன.

லைபோவிட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் மகத்தான ஒலிப்பொறியாளர் கென்னத் வில்கின்சன் என்று எந்தக் குறையும் இல்லாத பதிவு அது. பேத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் கணக்கில் குறித்து 1817ல் வெளியிட்ட வேகங்களைப் பெரும்பாலான நடத்துநர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், லைபோவிட்ஸ் அவற்றைப் பொருட்படுத்தி வாசிக்க வைத்தார். ஆனால் அந்தத் தொகுப்பு ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை நிறுவனம் தபாலில் விற்றது. தபாலில் வரும் இசைத்தட்டை விமர்சகர்கள் பெரிதாக மதிக்கவில்லை. நடத்துநர் டீன் டிக்சனின் கதை இதைவிடக் கசப்பானது. கறுப்பினத்தவரான அவருக்குச் சொந்த நாடான அமெரிக்காவில் நிலையான பதவி எதுவும் கிடைக்கவில்லை. 1949ல் வெளியேறி, கோதன்பர்க்கிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் இசைக்குழுக்களின் தலைமை நடத்துநராக இருந்தார்.

உங்கள் நண்பரிடம் ஓஸ்வால்ட் கபாஸ்டா என்ற நடத்துநரைப் பற்றிச் சொல்லுங்கள். த்வோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியின் போர்க்காலப் பதிவு ஒன்று புகழ்பெற்ற ஜெர்மன் நடத்துநர் ஃபுர்ட்வாங்லர் பெயரில் வெகுகாலம் உலவியது. பிறகுதான் அது மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கை வைத்துக் கபாஸ்டா நடத்தியது என்று தெரிந்தது. கபாஸ்டா நாஜிக் கட்சி உறுப்பினர். போருக்குப் பிறகு மேடை மறுக்கப்பட்டு, 1946ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய அரசியலை மன்னிக்கச் சொல்லவில்லை, அதை மறைக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பதிவு மேதையின் பெயரில் இருந்தபோதும் அதே ஒலிதான், பெயர் போன பிறகும் அதே ஒலிதான். அபூர்வம் நம் காதை ஏமாற்றும் என்றால் புகழும் அதே அளவு ஏமாற்றும்.

சரி, 78 தட்டுகளுக்கு வருவோம். இரைச்சலுக்குப் பயப்படாதீர்கள், சில நிமிடங்களில் காது அதைத் தாண்டிவிடும். இரைச்சலே இல்லாமல் துடைத்து வைத்த பதிவைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இரைச்சலை வடிகட்டும்போது வயலின்களின் மேல் ஒலியும் அரங்கின் காற்றும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஒரே பதிவுக்கு இரண்டு வடிவங்கள் கிடைத்தால் இரைச்சல் உள்ளதை முதலில் கேளுங்கள்.

இரைச்சலைவிட முக்கியமானது வேகம். 78 என்று பெயர்தானே தவிர, எல்லாத் தட்டுகளும் துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. தவறான வேகத்தில் சுழற்றினால் சுருதியும் மாறும், காலமும் மாறும். அரை சுரம் ஏறிப்போனால் இசை ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாகிவிட்டது என்று அர்த்தம். “என்ன ஆவேசம்!” என்று நாம் வியக்கும் இடத்தில் அந்த ஆவேசம் தட்டைச் சுழற்றியவருடையதாக இருக்கலாம். ஒரு நடத்துநரை மெச்சுவதற்கு முன், நன்றாகத் தெரிந்த நவீன பதிவு ஒன்றோடு சுருதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொடங்குவதற்கு ஒரே ஒரு பதிவைச் சொல்லச் சொன்னால் இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனியை ஆஸ்கர் ஃப்ரீட் நடத்திய பதிவைச் சொல்வேன். 1924, பெர்லின். மைக் வருவதற்கு முந்தைய பதிவு; மாலர் சிம்பொனி ஒன்று முழுமையாகப் பதிவானது அதுதான் முதல்முறை. அத்தனை பெரிய படையையும் ஒரு கூம்புக் குழலின் முன்னால் நெருக்கி நிறுத்தி, நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பதிந்தார்கள். உச்சக்கட்டங்கள் நசுங்கித்தான் கேட்கும். ஆனால் ஃப்ரீட் 1905ல் இதே சிம்பொனியை பெர்லினில், மாலர் அவையில் இருக்கும்போதே நடத்தியவர். 1934ல் யூதரான அவர் ஜெர்மனியை விட்டு சோவியத் யூனியனுக்குத் தப்பினார், 1941ல் மாஸ்கோவில் இறந்தார்.

அதை முதல் பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். நான்காம் பகுதிக்குப் போங்கள், எம்மி லைஸ்னர் பாடுவது. அந்தக் காலக் குழலுக்கு மனிதக் குரல் நன்றாகப் பிடிபடும், அதனால் நூற்றாண்டு இடைவெளி சட்டென்று குறைந்துவிடும். அப்புறம் இரண்டாம் பகுதி. வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். இன்றைய இசைக்குழுக்கள் பெரும்பாலும் கைவிட்ட பழக்கம் அது. முதலில் பழைய பாணியின் அசட்டு உணர்ச்சி மாதிரித் தோன்றும். இரண்டு மூன்று முறை கேட்டால், அந்த மெட்டின் வளைவுகளே இந்த வழுக்கலை எதிர்பார்த்து எழுதப்பட்டவை என்று புரியும். இந்த ஒன்றுக்காகவே அந்தப் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

மாலர் பிடித்துப்போனால் அடுத்தது எஃப். சார்லஸ் ஆட்லர். மாலர் தன் எட்டாம் சிம்பொனியை 1910ல் மியூனிக்கில் அரங்கேற்றியபோது கூட இருந்து பாடகர் குழுவைப் பயிற்றுவித்தவர். 1952ல் வியன்னாவில் அவர் பதிந்த மூன்றாம் சிம்பொனியில் வாத்தியக்காரர்கள் அங்கங்கே தடுமாறுகிறார்கள், ஒத்திகை போதவில்லை என்பது தெரிகிறது. ஆனால் கடைசிப் பகுதியின் நிதானத்துக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள், உங்கள் நண்பர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்