பாட்டிலுக்கு 10 ரூபாய் டெபாசிட்: எம்எல்ஏவின் மசோதாவைக் கடைக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

கேரளத்தில் அமைச்சராக இல்லாத எம்எல்ஏ ஒருவர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவைக் கடைக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். அதில் இரண்டு விஷயங்கள்: தண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கு 10 ரூபாய் டெபாசிட் வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பித் தருவது, தின்பண்டப் பாக்கெட்டில் மாநிலம் சொல்லும் எச்சரிக்கையை அச்சிடுவது.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். நோக்கத்தில் குறையில்லை. சிக்கல் தமிழ்நாட்டு எல்லையான கோபாலபுரம் செக்போஸ்டில் இருக்கிறது. பொள்ளாச்சியில் டெபாசிட் கட்டாமல் வாங்கிய பாட்டிலை என்னிடம் நீட்டி 10 ரூபாய் கேட்டால் எப்படிப் பிரித்தறிவது? ஸ்டிக்கர் ஒட்டலாம்தான். 2022-இல் நீலகிரி டாஸ்மாக்கில் இதே திட்டம் வந்தது. ஆனால் அங்கே விற்பது ஒரே நிறுவனம். எனக்கு நாலு ஏஜென்சி சரக்கு போடுகிறது; ஒட்டுவது யார்? காலி பாட்டிலை அடுக்க அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு முழ இடம்கூட இல்லை. (எலிக்கு மட்டும் இருக்கிறது.)

எச்சரிக்கை வாசகம் இன்னும் பலவீனம். உணவு லேபிளை முடிவு செய்வது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியல் விஷயத்தில் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் நிற்க, அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். தனிநபர் மசோதா அவ்வளவு தூரம் போவதே அபூர்வம்.

2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளே உற்பத்தியாளருக்குப் பொறுப்பு வைத்திருக்கின்றன. டெபாசிட் உள்ள பாட்டில் என்று காட்டும் குறியீட்டைத் தொழிற்சாலையிலேயே அச்சிடச் சொன்னால் நானே ஆதரிப்பேன்.