வெள்ளணு ஊசி: செலவைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஒவ்வொரு கீமோதெரபிக்கும் மறுநாள், வெள்ளணுக்கள் குறையாமல் இருக்க பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி போடுகிறார்கள். அதன் விலையைத் தாங்க முடியவில்லை. மலிவான மாத்திரை ஏதாவது உண்டா? ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கீமோ முடிந்து ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே போன நேரத்தில் கிருமி தாக்கினால் உயிருக்கே ஆபத்து; மருத்துவமனைச் செலவும் ஊசியின் விலையைத் தாண்டிவிடும்.

மாத்திரை கிடையாது. இந்த மருந்து ஒரு புரதம். விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஸ்டீராய்டு மாத்திரையால் எண்ணிக்கை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த அணுக்கள் ஓட்டத்தில் கலப்பதால்தான் பெரும்பாலும் அந்த ஏற்றம். அறிக்கை அழகாக இருக்கும், பாதுகாப்பு கூடியிருக்காது. மூலிகைகளும் இந்த ஊசிக்கு ஈடாகாது.

உண்மையான மாற்று பயோசிமிலர். முதலில் வந்த நிறுவனத்தின் காப்புரிமை முடிந்த பிறகு, மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் ஒத்த மருந்து இது. இதே வகையில் தினமும் போடும் ஊசியான ஃபில்கிராஸ்டிமின் பயோசிமிலர்கள் ஐரோப்பாவில் 2008 முதலும், அமெரிக்காவில் 2015 முதலும் அனுமதி பெற்றவை. பெக்ஃபில்கிராஸ்டிமுக்கும் உண்டு. விலை குறைவு என்பதால் தரம் குறைவோ என்று பலர் தயங்குகிறார்கள். முறையாக அனுமதி பெற்றதென்றால் அந்தத் தயக்கமே தேவையில்லை. மருந்துச் சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால், மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த வழி, கீமோ சுழற்சிக்கு ஒரு முறை போடும் ஊசிக்குப் பதில் தினசரி ஃபில்கிராஸ்டிம். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 300. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகே தொடங்க வேண்டும். பத்து நாள் போட்டால் மொத்தத்தில் லாபமே இல்லாமலும் போகலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் கனடாவில் ஆரம்பநிலை மார்பகப் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 5 நாள் ஊசி 7 அல்லது 10 நாள் ஊசிக்குச் சளைத்ததாக இல்லை. உங்கள் மனைவிக்கு எத்தனை நாள் போதும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலுக்கடியில் போடும் ஊசிதான். செவிலியரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே போட்டால் தினமும் போய்வரும் செலவு மிச்சம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது. உறையவும் விடக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: இந்த ஊசி ஒவ்வொரு சுழற்சிக்கும் தேவைதானா? காய்ச்சலோடு நியூட்ரோஃபில் குறையும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் உள்ள கீமோ மருந்துத் திட்டங்களுக்கே இதைக் கட்டாயமாகப் பரிந்துரைக்கிறார்கள். 10-க்கும் 20-க்கும் இடையில் வயதும் உடல்நிலையும் தீர்மானிக்கும். 10-க்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தரும் டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகளின் சுழற்சிகளுக்கு ஊசி அவசியம். அதன் பிறகு வாரந்தோறும் பக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துக்கு மாறும்போது பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. அந்தக் கட்டத்திலும் பழக்கத்தில் எழுதப்படுகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கீமோவின் அளவைக் குறைப்பதும் தள்ளிப்போடுவதும் இன்னொரு வழிதான். ஆனால் நோயை முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கத்தில் தரும் சிகிச்சையில் ஊசிச் செலவுக்காக அதில் கை வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வெப்பமானி கையருகே இருக்கட்டும். ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கீமோ எடுப்பவர் என்பதை நுழைந்ததும் சொல்லுங்கள்.