நகையை அடகு வைக்காதீர்கள், அண்ணே

காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவர் மனைவியோடும், பிளஸ் டூ முடித்த மகளோடும் படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். மகள் அரசுப் பள்ளி மாணவி. இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன் என்கிறாள். துபாயில் இருக்கும் தாய்மாமனோ சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி முடித்து, முன்பணமும் கட்ட வைத்துவிட்டார். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 15 லட்சம். கொஞ்சம் ஆச்சியின் நகை, மீதி வங்கிக் கடன். “பி.எஸ்சி. படிச்சா நாளைக்கு என்னம்மா வேலை கிடைக்கும்?” என்று கேட்கும்போதே அந்த அம்மாவின் கண் கலங்கியது.

பயப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய இருப்பதால், அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், அண்ணே. 15 லட்சம் முழுவதையும் 11 சதவீத வட்டிக்கு வாங்கி 10 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 20,660 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. அதில் நகையை அடகு வைக்கும் பங்குக்கு வட்டி வேறு. பர்மாவரைக்கும் போய்ப் பேரேடு எழுதிய ஊரில் பிறந்துவிட்டு, 22 வயதுப் பெண் தலையில் இப்படி ஒரு தவணையை ஏற்றலாமா? முதல் வேலையில் கிடைக்கும் சம்பளம் இதற்கே போனால் அவள் எதை வைத்துச் சென்னையில் வாடகை கொடுப்பாள்? மச்சான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தவணைக்குக் கையெழுத்துப் போடப்போவது அவரில்லை. கம்ப்யூட்டர் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. விருப்பமில்லாத பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் படிப்பைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. இயற்பியலில் என்னம்மா பிடிக்கும் என்று கேட்டேன். பையிலிருந்து அப்பாவின் கடைக் காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பித்தளைக் குத்துவிளக்கு என்று யாராவது கொண்டுவந்தால் அதை அடியில் வைத்துப் பார்ப்பார்களாம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். “இந்தக் காந்தம் ஒட்டுது, ஒட்டலைன்னு ரெண்டுதான் மேடம் சொல்லுது. ஒட்டாததெல்லாம் ஒண்ணு கிடையாது” என்றாள். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய பலமான காந்தத்தை, நூலில் கிடைமட்டமாகத் தொங்கவிட்ட பென்சில் குச்சியின் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறாள். குச்சி மெதுவாக விலகிப் போயிருக்கிறது. பென்சில் குச்சியில் இருப்பது கிராஃபைட். நம் சிவகங்கைப் பக்கம் தோண்டி எடுக்கிறார்களே, அதே சரக்கு. எவர்சில்வர் பாத்திரத்தின் தட்டையான பக்கத்தில் ஒட்டாத காந்தம், வளைத்து அடித்த விளிம்பில் லேசாகப் பிடிப்பதையும் அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். பாடப் புத்தகத்தில் இது இல்லை.

அவள் தொட்டிருப்பது காந்த ஏற்புத்திறன். ஒரு பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால் அது எவ்வளவு காந்தமாகிறது, புலத்தின் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று சொல்லும் எண். தண்ணீருக்கும் செம்புக்கும் அது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 9, எதிர்க்குறியோடு. இவை காந்தத்தைவிட்டு லேசாக விலகும் டயா காந்தப் பொருட்கள். பிஸ்மத்துக்கு எதிர்க்குறியோடு 166. அலுமினியத்துக்கு நேர்க்குறியோடு 22 வரும், அது காந்தத்தின் பக்கம் லேசாக இழுபடும் பாரா காந்தப் பொருள். மென் இரும்புக்குப் பின்னம் போதாது, ஆயிரக்கணக்கில் போகும். மின்தடையே இல்லாத மீகடத்தி −1-இல் நிற்கும், புலத்தை உள்ளேயே விடாது. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவில் இருந்தபோது படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, இந்தத் திறன் திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அளந்தவர். தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநரும் அவரே. நூல் கட்டிப் பார்க்கும் பிள்ளையை விளையாட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, வேலை? ஆசிரியர் வேலை, வங்கித் தேர்வு, குரூப் தேர்வுகளைப் பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். நான் சொல்லவரும் வேலையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது புவி இயற்பியலாளர் வேலை.

1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஜியோபிசிசிஸ்ட் என்றொரு குரூப் ஏ பதவி இருக்கிறது. யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக எடுக்கிறார்கள். ஜியாலஜி படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எம்.எஸ்சி. இயற்பியல் போதும், இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். வயது 21 முதல் 32 வரை, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வில் பொது அறிவுக்கு 100 மதிப்பெண், பாடத்துக்கு 300. முதன்மைத் தேர்வில் 200 வீதம் மூன்று தாள், பிறகு நேர்முகம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, படிகள் தனி.

அங்கே போனால் அந்தப் பெண் கேட்ட கேள்விதான் தினசரி வேலை. பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). மண்ணுக்கடியில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது கலந்த பாறை கிடந்தால் அந்த எண் சில நூறு ஏறி இறங்கும். சேலம் கஞ்சமலையில் இருப்பது அந்த மாதிரிப் பாறை. நம் செம்பூராங்கல்லிலும் இரும்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஹேமடைட், கோத்தைட் என்னும் வேறு இரும்புத் தாதுக்கள். ஆக்சிஜன் சேர்ந்த விதம் வேறு, அதனால் ஏற்புத்திறன் மேக்னடைட்டுக்குப் பக்கத்திலேயே வராது. கையடக்கக் கருவியைப் பாறை முகத்தில் அழுத்திப் பிடித்தால் சில விநாடியில் அளவு தெரியும். காந்தமானியோடு கோடு பிடித்து நடக்கும்போது செல்போன், இரும்பு பக்கிள், சேஃப்டி பின் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஒரு கருவியை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, பகலில் புலம் தானாக மாறுவதைக் கழிக்க வேண்டும். தென் தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்த மாற்றம் பெரிது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதற்காகத்தான். நம் மாவட்டத்துக் கீழடியை நினைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணைச் சுட்டால் அதிலுள்ள இரும்புச் சத்தில் ஒரு பங்கு மேக்னடைட்டாக மாறும். அதனால் புதைந்த சூளையும் செங்கல் சுவரும் தோண்டுவதற்கு முன்பே காந்தமானியில் தட்டுப்படும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இடங்கள் குறைவு, வருடத்துக்கு வருடம் மாறும். வெயிலில் மாதக்கணக்கில் முகாம், வேறு மாநிலம், தெரியாத மொழி. இந்தத் தேர்வு கைகூடாவிட்டாலும் அந்த எம்.எஸ்சி. வீண்போகாது: நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வு மாணவருக்கு மாதம் 37,000 உதவித்தொகை. நம் ஊரிலேயே சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பொருட்களின் குணத்தை அளக்கும் ஆய்வகம் எப்படி இருக்கும் என்று அதன் திறந்த நாளில் பிள்ளையை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

செலவு? அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். மூன்றாம் வருடம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதட்டும். ஐஐடியில் எம்.எஸ்சி. கிடைத்தால் அப்போது கடன் வாங்குவதைப் பற்றிப் பேசலாம், நானே வங்கிக்குக் கூட வருகிறேன். கிடைக்காவிட்டால் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. பாப்பாவுக்கு ஒரு கண்டிஷன்: துணைப்பாடமாகக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். அதில் பேரம் கிடையாது.

“பி.எஸ்சி. பொண்ணை யாரு கட்டிக்குவா?” என்று பெரியம்மா கேட்டாராம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது என் வேலையும் இல்லை.

மச்சானிடம் நீங்கள் பேச வேண்டாம், அண்ணே. அண்ணி பேசட்டும். அண்ணன் தங்கைக்குள் முடிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது இந்த வாரமே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விலகல் கடிதம் எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவது. முன்பணத்தில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ் எதையாவது அங்கே கொடுத்திருந்தால் முதலில் அதைக் கையில் வாங்குங்கள்.