சிலி ரஸ்போராக்கள் ஒளிந்தே இருப்பது குறித்து

வணக்கம். 40 லிட்டர் மீன் தொட்டியில் விட்ட 6 சிலி ரஸ்போரா மீன்களும் நிறம் மங்கி, செடிகளுக்குப் பின்னே ஒடுங்கி, ஃப்ளேக் உணவைத் தொடாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள். அவை சரியெனில், நீங்கள் குறிப்பிட்ட பவர் ஃபில்டர் (மோட்டாரால் நீரை இழுத்து வடிகட்டும் கருவி) உண்டாக்கும் நீரோட்டத்தின் வேகமே காரணம் என்று கருதுகிறேன். போர்னியோத் தீவின் தென்மேற்கில், உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் நிறமாகி ஏறக்குறைய அசையாமல் கிடக்கும் சதுப்பு நீரில் வாழும் இம்மீன், 2 சென்டிமீட்டர் அளவே வளர்வதால், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துவிடுகிறது. நீரை மெதுவாக இழுத்துப் பஞ்சின் வழியே வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறி, மிதக்கும் செடிகளால் ஒளியைத் தணித்து, கழுவிய காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றை இடுங்கள். பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) குறைக்கும் திரவங்களை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். திடீர் மாற்றத்தை இவை தாங்கமாட்டா. வாய் மிகச் சிறியது என்பதால், முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற நுண்ணுயிர்) குஞ்சுகளைக் கொடுங்கள். இவை தேறிய பின் கூட்டத்தை 15 ஆக உயர்த்தினால், அச்சம் குறைந்து வெளியே வரும்.