அவன் ஒப்பித்த கதை

அன்புள்ள ஐயா,

சொந்தப் பெற்றோரோடு இருக்க முடியாமல் தற்காலிகமாக வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பதின்வயதினருக்கான குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். 16 வயதுப் பையன் ஒருவன் நான்கு மாதமாக வருகிறான். இப்போது இருப்பது அவனுக்கு மூன்றாவது வளர்ப்பு வீடு. மனநல ஆலோசகரிடம் வாயே திறப்பதில்லை. நானும் முதல் நாளிலிருந்து அவன் அம்மாவைப் பற்றிப் பேசவைக்கப் பார்க்கிறேன். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். கிளம்பும்போது மட்டும் "அடுத்த வாரம் வருவீங்களா?" என்பான். வேலையைப் பொறுத்து, பார்க்கலாம் என்பேன். இவனுக்குத் தனி ஆலோசனை நல்லதா, குழு ஆலோசனையா? தூக்கத்துக்கு மாத்திரை தரலாமா?

ச.

அன்புள்ள ச.,

மாத்திரையை மருத்துவர் முடிவுசெய்யட்டும். தனியா குழுவா என்பதை அவனிடமே கேளுங்கள், அவனுக்கு 16 வயது. ஆனால் "முதல் நாளிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் வந்து உட்கார்ந்து, உங்கள் அம்மா ஏன் உங்களை வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் பதில் சொல்வீர்களா?

என்னோடு படித்த ஒருவன் வளர்ப்பு வீட்டிலிருந்து வந்தவன். பழகிய இரண்டாம் நாளே தன் கதை முழுவதையும் சொன்னான். நான் அழுதேன், அவன் அழவில்லை. சில மாதம் கழித்துப் புதிதாக வந்த ஆசிரியையிடம் அதையே சொன்னபோது பக்கத்தில் இருந்தேன். அதே வாக்கியங்கள், அதே இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தன் வாழ்க்கையை ஒப்பித்தான். வெகுகாலம் கழித்துக் கேட்டேன். "எங்கே நிறுத்தினா எதிர்ல இருக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கும்னு தெரியும்டா. அதுக்கப்புறம் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான். வாயைத் திறந்து பேசியே தன்னை மறைத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் பையன் பேசாமல் மறைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்து ஆளானவர்களைப் பற்றிய ஆய்வறிக்கை 2005இல் வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு அவர்களில் நாலில் ஒருவருக்கு இருந்தது. பொதுமக்களில் அது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. எல்லோரும் எடுத்துச்சொல்வது இந்தக் கணக்கைத்தான். எனக்கு மறக்காதது இன்னொன்று. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வைக்கப்பட்டிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு புது ஆசிரியர், புது அதிகாரி, புது ஆலோசகர். எல்லோரும் கனிவானவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அத்தனை பேருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்த கொஞ்ச நாளில் கேட்டவர் மாறிவிடுவார், அல்லது இவன் மாற்றப்படுவான். நெடுநாள் உடனிருக்கும் சிகிச்சையாளரிடம் மனம் திறப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த 'நெடுநாள்' இவர்களுக்கு வாய்ப்பது அரிது.

சமூகம் சார்ந்த மனநல ஆதரவு என்று இப்போது நிறையப் பேசுகிறோம். பெரும்பாலும் ஆலோசனை அறையை மருத்துவமனையிலிருந்து பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுவருவதோடு நின்றுவிடுகிறோம். சமூகம் என்றால் நம் கதையைச் சொல்லத் தேவையில்லாத மனிதர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கேட்க மாட்டார்கள். அதே வாஷிங்டன் மாநிலத்தில் 2004இல் தொடங்கிய மாக்கிங்பேர்ட் முறை இதைப் புரிந்துகொண்டது. ஆறிலிருந்து பத்து வளர்ப்புக் குடும்பங்கள், நடுவில் அனுபவமுள்ள வளர்ப்புப் பெற்றோரின் மைய வீடு. பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். வீட்டில் தாங்க முடியாமல் போகும் நாட்களில் ஒரு பையன் அந்நியர் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. தெரிந்த வீட்டுக்குப் போகிறான், தெரிந்த படுக்கையில் தூங்குகிறான். நல்லது கெட்டதுக்கு அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோமே, அதுபோல.

கடைசியாக அந்தப் "பார்க்கலாம்". நான்கு மாதமாக அந்தப் பையன் வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறான். எத்தனை பெரியவர்கள் அவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? பேசவில்லை என்று அவன்மேல் குறை சொல்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். இத்தனை நாள் விடாமல் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதை யார் செய்கிறார்கள்? அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அடுத்த முறை அம்மாவைப் பற்றிக் கேட்காதீர்கள். கிளம்பும்போது, அவன் கேட்பதற்கு முன்னால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நீங்களே சொல்லுங்கள். வர முடியாது என்றால் முந்தின நாளே நீங்களே அவனுக்குப் போன் செய்யுங்கள். வேறு யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம்.