வாசகர் கேள்விகள்: மானியமும் பழைய கேஸும்

அமெரிக்காவில் போலீஸ், நீதிமன்றச் செலவுக்கு மத்திய அரசு தரும் மானியத்தை, குற்றப்பதிவு உள்ளவர்களை நியாயமாக நடத்தும் மாநிலங்களுக்கே தர வேண்டும் என்கிறார்கள். அது எந்த மானியம்?
– மதுரை வாசகர்

முக்கியமாக ‘பைர்ன் ஜேஏஜி’ (பைர்ன் நினைவு நீதி உதவி மானியம்). நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவல் நின்றபோது 1988இல் சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் எட்வர்ட் பைர்னின் பெயர் அது. ஒரு மாநிலத்தின் பங்கைக் கணக்கிடும்போது மக்கள்தொகைக்குப் பாதி எடை, வன்குற்ற எண்ணிக்கைக்குப் பாதி எடை. அந்தப் பங்கில் 60 சதவீதம் மாநில அரசுக்கும், 40 சதவீதம் நகரங்கள், மாவட்டங்களுக்கும் போகிறது.

இந்தப் பணத்துக்கு நிபந்தனை புதிதல்ல. சிறையில் பாலியல் வன்முறையைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இணங்காத மாநிலத்துக்கு 5 சதவீதம் வெட்டு. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்காவிட்டால் 10 சதவீதம். தண்டனையை முடித்து வெளியே வந்தவருக்கு வேலையும் வீடும் கிடைக்கிறதா என்று கேட்கும் நிபந்தனைதான் இல்லை.

வெட்டு விழுந்தால் மாநிலங்கள் பயந்து திருந்துமா?
– சேலம் வாசகர்

வெட்டை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பதிவேட்டுச் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை முழுமையாக நிறைவேற்றவில்லை. புதிய மென்பொருள், ஆள், நீதிமன்றச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் 10 சதவீதத்தை இழப்பதே மலிவு என்று பல மாநிலங்கள் முடிவு செய்தன. வெட்டும் பணம் யார் தலையில் விழுகிறது என்பது அதைவிட மோசமான சிக்கல். போதை மீட்புச் சிகிச்சை, பாதிக்கப்பட்டோர் உதவி, ஏழைகளுக்கான வழக்கறிஞர் எல்லாவற்றுக்கும் இதே மானியத்திலிருந்தும் பணம் போகிறது. சட்டசபை செய்த தப்புக்குச் சிகிச்சைக்கு வந்தவர் தண்டனை அனுபவிப்பார்.

சிறைச் சட்டம் இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. முழுமையாக இணங்க முடியாத ஆளுநர் (அங்கே மாநில அரசின் தலைவர் அவர்தான்), அந்த 5 சதவீதத்தைக் குறையைச் சரிசெய்யவே செலவிடுவேன் என்று முன்பு உறுதி எழுதிக் கொடுக்க முடிந்தது. பணம் மாநிலத்திலேயே தங்கியது. ஆனால் வேறு எதற்கும் தொட முடியவில்லை. குற்றப்பதிவு நிபந்தனைக்கும் இதே அமைப்பையே நாங்கள் பரிந்துரைப்போம்.

இதே நெம்புகோல் எதிர்த்திசையிலும் திரும்பியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவரின் ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் முடக்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்று 1990களில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) விதித்தது. பஸ் வசதி இல்லாத ஊரில் உரிமம் போனால் வேலையும் போயிற்று. ஆளுநரும் சட்டசபையும் சேர்ந்து ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுதித் தந்தால் வெட்டு இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் அப்படித்தான் விலகின.

அட்டர்னி ஜெனரல் (மத்திய நீதித் துறையின் தலைவர்) ஓர் உத்தரவு போட்டாலே போதாதா?
– கோவை வாசகர்

போதாது. 2017இல் குடியேறிகள் விஷயத்தில் இதே மானியத்துக்கு அப்படி நிபந்தனை போட்டதும் நகரங்கள் வழக்குத் தொடுத்தன. பல நீதிமன்றங்கள் அதை நிறுத்தின. காங்கிரஸே சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் வெட்டுவதை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மருத்துவ உதவி நிதி முழுவதையும் பறிப்போம் என்ற மிரட்டலை 2012இல் ஏற்கவில்லை.

நிபந்தனையில் என்ன கேட்க வேண்டும்?
– தஞ்சாவூர் வாசகர்

முதலில் பதிவு சரியாக இருக்க வேண்டும். கைது ஆனதும் விரல்ரேகை எஃப்பிஐக்குப் போய்விடுகிறது. வழக்கு தள்ளுபடியான சேதி பல நேரம் போவதே இல்லை. அதனால் நிரபராதியும் திரையில் ‘கைது’ என்றே நிற்கிறார். தீர்ப்பு வந்த இத்தனை நாளுக்குள் முடிவு பதிவேறியதா என்பதை எண்ணிப் பார்க்க முடியும். எண்ண முடிவதைத்தான் நிபந்தனையாக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ‘தண்டனை உண்டா?’ என்ற கட்டத்தை நீக்குவது மட்டும் போதாது. நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். கட்டம் போனபின் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வந்த அழைப்புகளின் இடைவெளி பெருகியது. பதிவு தெரியாத முதலாளி, பெயரிலிருந்து நிறத்தை அறிந்து, குற்றப்பதிவு இருக்கும் என்று ஊகித்தார். ஆகவே குற்றத்தின் தன்மை, கடந்துபோன காலம், வேலையின் தன்மை மூன்றையும் எடைபோட்ட பிறகே மறுக்கலாம் என்பதையும், பழைய சிறு வழக்குகளைப் பொதுப் பார்வைக்குப் படாதபடி தானாக மூடி முத்திரையிடுவதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பென்சில்வேனியா 2018இல் தானியங்கி முத்திரைச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது.

அங்கிருக்கும் என் தம்பி மீதான வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் வேலை கை நழுவுகிறது. என்ன செய்யலாம்?
– திருநெல்வேலி வாசகர்

விரல்ரேகையோடு 18 டாலர் கட்டி எஃப்பிஐயிடம் தன் பதிவின் நகலை வாங்கச் சொல்லுங்கள். ‘கைது’ மட்டும் இருந்து முடிவு இல்லையென்றால், நீதிமன்றத்தில் சான்றிட்ட தள்ளுபடி உத்தரவை வாங்கி, அதை வைத்துத் திருத்தம் கேட்க வேண்டும். தனியார் பின்னணி அறிக்கையைக் காரணம் காட்டி மறுப்பதற்கு முன்பே வேலை தரும் நிறுவனம் அதன் நகலைத் தந்தாக வேண்டும். தவறு என்று எழுதினால் அறிக்கை தந்தவர்கள் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். தம்பி இன்னும் குடியுரிமை பெறவில்லை என்றால் ஒரு எச்சரிக்கை: முத்திரையிட்ட வழக்கையும் குடியேற்ற அதிகாரிகள் கேட்பார்கள். படிவத்தில் மறைக்காமல் எழுதி, தள்ளுபடி உத்தரவை இணைக்கட்டும்.