1234567: எதுவரை வகுப்பது?

அன்புள்ள சேர்,

மகள் சாதாரண தரம் படிக்கிறாள். 1234567 முதன்மை எண்ணா (1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்ணா) என்று வீட்டில் ஒரு வாதம். 2இலிருந்து 97 வரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் கல்குலேட்டரில் வகுத்துப் பார்த்தாள். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. அதனால் முதன்மை எண்தான் என்கிறாள். சரியா? இலக்கங்களைக் கூட்டினால் 28, பிறகு 10, பிறகு 1. அதிர்ஷ்ட எண் என்றும் சொல்கிறார்கள். கல்குலேட்டரை நம்பலாமா?

ஒரு தகப்பன், களுவாஞ்சிகுடி

அன்பின் தம்பி,

முதன்மை எண் இல்லை. 127 × 9721. அதிர்ஷ்டத்தை விடுங்கள். 28 மூன்றால் வகுபடாது, ஆகவே 1234567உம் வகுபடாது. அந்தக் கூட்டலால் ஆகும் காரியம் அவ்வளவுதான்.

97உடன் நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சில நாட்களாக எழுத நினைத்திருந்ததும் இதைப் பற்றித்தான். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் மட்டும் தேடிவிட்டு மாடே இல்லை என்றால், மேற்கே படுவான்கரையில் மேய்கிற மாட்டுக்கு என்ன நட்டம்? நூறு என்ற எல்லையை யார் போட்டது? டியூஷனில் யாரோ போட்டிருப்பார்கள்.

எல்லையை எண்ணே சொல்லும். 1111இன் வர்க்கம் 1234321, 1112இன் வர்க்கம் 1236544. இரு காரணிகளும் 1111ஐத் தாண்டினால் பெருக்கம் குறைந்தது 1236544 ஆகிவிடும். அது நம் எண்ணை விடப் பெரிது. எனவே காரணி இருந்தால் ஒன்றாவது 1111க்குள் அகப்பட்டே தீரும். அதுவரை 186 முதன்மை எண்கள். பிள்ளை பார்த்தது 25. இன்னும் 101, 103, 107, 109, 113 தாண்டியிருந்தால் 127. (இடையில் 119ஐ முதன்மை எண் என்று நினைத்து வகுக்கிறவர்கள் உண்டு. அது 7 × 17, நேரம்தான் வீண்.)

ஆனால் பிள்ளையை ஏசாதீர்கள், அவள் உழைப்பு வீண்போகவில்லை. 9721 முதன்மை எண்ணா என்று இனிப் பார்க்கவே தேவையில்லை. அதன் வர்க்கமூலம் 98க்கும் 99க்கும் நடுவே. 9721ஐ வகுக்கும் எதுவும் 1234567ஐயும் வகுக்கும். 97 வரை ஒன்றும் வகுக்கவில்லை என்று அவள்தான் ஏற்கெனவே காட்டிவிட்டாளே!

கல்குலேட்டரா? எட்டு இலக்கத் திரையில் ஏழு இலக்க எண்ணுக்குப் பயமில்லை. எட்டு இலக்கமானால் 70000001ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்: 23333333 என்று முழுசாகக் காட்டி, தசமத்தை விழுங்கிவிடும். திருப்பிப் பெருக்கினால் 69999999தான் வரும்.

வலது பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கழித்துக் கூட்டவும் பழக்குங்கள். 567 − 234 + 1 = 334. அது 7, 11, 13 எதனாலும் வகுபடாது, ஆகவே 1234567உம் வகுபடாது; 1001 = 7 × 11 × 13 என்பதால் மூன்றுக்கும் ஒரே கணக்கு. கழிக்காமல் கூட்டினால் 37க்கான சோதனை.

அடுத்து 12345679ஐக் கொடுங்கள். 12 + 345 + 679 = 1036, அது 37 × 28. ஆகவே 12345679உம் 37ஆல் வகுபடும், ஈவு 333667. அது முதன்மை எண்ணா என்று அவளே பார்க்கட்டும், 577 வரை. 577உம் முதன்மை எண்தான், அதையும் விடக்கூடாது.